"சத்தம் வருது, பேச்சு வரல": மாற்றுத்திறனாளிகளுக்கான போன் பற்றி ஓர் எளிய விளக்கம்

என் பெரியப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்தாறு வருடமாகவே காது மந்தம். போன தீபாவளிக்கு அவர் மகன் கடையில் போய் "இருக்கிறதிலேயே அதிகச் சத்தம் வர்ற போனாக் கொடுங்க" என்று கேட்டு, பெரிய பெரிய பட்டன் வைத்த ஒன்றை வாங்கி வந்தான். மணி அடித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஆனால் பெரியப்பா அதைக் காதில் வைத்து ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, அப்படியே பெரியம்மாவிடம் நீட்டிவிடுவார். ஏன் பெரியப்பா என்று கேட்டேன். "சத்தம் வருதுப்பா, பேச்சு வரல" என்றார்.

தெரிந்தவர்களுக்கு போன் செட் செய்து கொடுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதனால் இந்த மாதிரி விஷயங்கள் அடிக்கடி என்னிடம் வரும். "கண் தெரியாதவங்களுக்குன்னு தனி போன் விக்குதாமே, எங்கே கிடைக்கும்?" என்று ஒருவர் கேட்பார். "காது கேக்காதவருக்கு எதுக்குங்க போன்?" என்று இன்னொருவர். இரண்டுமே நல்ல மனதோடு கேட்கப்படும் கேள்விகள்தான், இரண்டுமே தவறான இடத்தில் தொடங்குகின்றன. ஏதோ ஒரு மூலையில் 'மாற்றுத்திறனாளி போன்' என்று ஒரு சாமான் இருக்கிறது, அதை வாங்கிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால், யாருக்கு எது உதவும் என்பதை நாமே கண்டுபிடித்துவிடலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன், முன்பின் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பஸ் ஸ்டாப்பில் நடப்பதுதான் போனிலும்

மதுரையில் ஒரு பஸ் ஸ்டாப். பார்வையில்லாத ஒருவர் நிற்கிறார். பஸ் வந்ததும் பக்கத்தில் இருப்பவர் பலகையைப் பார்த்து "இது திருமங்கலம் வண்டிங்க" என்று சொல்கிறார். கண் வழியாகப் போகவேண்டிய செய்தி காது வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதே இடத்தில் காது கேளாத ஒருவர். "பெரியார் ஸ்டாண்டு போகாது, பெரியார் ஸ்டாண்டு போகாது" என்று கண்டக்டர் கத்துவது அவருக்குத் தெரியாது. யாரோ தோளைத் தொட்டுக் கையை ஆட்டிக் காட்டுகிறார்கள், புரிந்துவிடுகிறது.

செய்தி அதேதான், வந்த பாதைதான் வேறு. பக்கத்து மனிதர் செய்த இந்த வேலையை ஒரு கருவியோ மென்பொருளோ செய்தால், அதை உதவித் தொழில்நுட்பம் என்கிறார்கள். போனுக்குள்ளேயே இதற்கென்று வைத்திருக்கும் அமைப்புகளுக்குப் பொதுவான பெயர் அணுகல் வசதிகள். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸைத் தமிழில் வைத்திருந்தால் அணுகல்தன்மை என்றோ மாற்றுத்திறன் வசதி என்றோ ஒரு பகுதி தெரியும். பலர் ஒரு முறைகூட அதைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

போன் நம்மிடம் கேட்பது நான்கு வேலை. மணி அடிப்பதை அறிய வேண்டும், எதிர்முனையில் பேசுவதைக் கேட்க வேண்டும், நாம் பேச வேண்டும், திரையைப் பார்த்துத் தொட வேண்டும். இவற்றில் எது அடைபட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் தீர்வு. அதனால்தான் ஒரே 'சிறப்பு போன்' எல்லாருக்கும் பொருந்தாது. பார்வையில்லாதவருக்குப் பெரிய பட்டனால் ஒரு பிரயோசனமும் இல்லை. காது கேளாதவருக்குப் பேசும் திரை எதற்கு?

இதெல்லாம் நமக்குப் புதிதும் இல்லை. வீட்டில் பழைய பட்டன் போன் கிடந்தால் எடுத்து 5 என்ற எண்ணின் மேல் விரலை வைத்துப் பாருங்கள், சின்னதாக ஒரு மேடு தட்டும். ஏடிஎம்மிலும் இருக்கும். அந்த ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டால் மற்ற ஒன்பது எண்களையும் பார்க்காமலே அழுத்திவிடலாம். டீக்கடையில் "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று சொல்கிற பெட்டியும் அதே சங்கதிதான், திரையில் வரும் செய்தியைக் குரலாக்கித் தருகிறது. கடைக்காரர் கை வேலையாக இருக்கிறது என்பதற்காக வைத்தது. எங்கள் தெருவில் ஊதுபத்தி விற்கும் பார்வையில்லாத அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவருக்கு அந்தப் பெட்டி கண் மாதிரி.

சத்தம் வேறு, தெளிவு வேறு

இப்போது பெரியப்பாவிடம் வருவோம். இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டுக்கு வீடு தப்பு நடக்கும் இடம் இதுதான்.

வயதாகி வரும் காது மந்தத்தில் எல்லா ஒலியும் ஒரே அளவில் குறைவதில்லை. உள்காதில் கீச்சென்ற மெல்லிய ஒலிகளைப் பிடிக்கும் செல்கள்தான் முதலில் போகின்றன. நம் பேச்சில் ஆ, ஓ, ஊ மாதிரி உயிரொலிகள் கனமானவை, வலுவானவை. ச, த, க மாதிரி மெய்யொலிகளில் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் பகுதி மெல்லியது, உயர் அதிர்வில் இருப்பது. 'காசு', 'காது' இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த நடுவெழுத்தில்தான் இருக்கிறது, பெரியப்பாவின் காதில் விழாமல் போவதும் அதுதான். போதாததற்கு, பழைய தொலைபேசி இணைப்பே சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மட்டும்தான் கடத்தும். அதாவது, ஏற்கெனவே மங்கிப்போன பகுதியில் போன் இன்னும் கொஞ்சத்தை வெட்டிவிடுகிறது. நேரில் பேசினால் வாயசைவைப் பார்த்து ஒப்பேற்றிவிடலாம், போனில் அதுவும் இல்லை.

இந்த நிலையில் சத்தத்தை மட்டும் கூட்டினால் என்ன ஆகும்? ஏற்கெனவே கேட்கிற ஆ, ஓ எல்லாம் காதைப் பிளக்கும், கேட்காத மெய்யெழுத்துகள் கேட்காமலேதான் இருக்கும். எழுத்து அழிந்துபோன ஒரு பத்திரத்தை ஜெராக்ஸில் பெரிதாக்குவது போலத்தான், அழிந்த எழுத்து பெரிதாக அழிந்திருக்கும்.

அதனால் காது மந்தமானவருக்காக உண்மையிலேயே யோசித்துச் செய்த போனில் சத்தத்தைக் கூட்டும் வசதியோடு, உயர் அதிர்வொலிகளைத் தனியாகத் தூக்கிக் கொடுக்கும் வசதியும் இருக்கும். காது மெஷின் செய்வதும் இதைத்தான். எந்த அதிர்வில் எவ்வளவு குறைவு என்று கேள்திறன் பரிசோதனையில் ஒரு வரைபடம் போட்டு, குறைந்த இடத்தை மட்டும் தேவைக்கேற்பக் கூட்டுகிறது. அரசு ஏடுகளில் இதன் பெயர் காதொலிக் கருவி.

சரி, காது மெஷின் போட்டவர் போனைக் காதில் வைத்தால் 'கீ...' என்று விசிலடிக்குமே, அது ஏன்? கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் ஊளையிடும் அல்லவா, அதேதான். மெஷினிலிருந்து கசியும் ஒலி போனில் பட்டுத் திரும்பி மெஷினின் மைக்குக்குள்ளேயே போய்ச் சுற்றிச் சுற்றிப் பெருகுகிறது. இதைத் தவிர்க்கத்தான் பல மெஷின்களில் டெலிகாயில் என்ற சின்னக் கம்பிச்சுருள் இருக்கிறது. போனின் ஸ்பீக்கருக்குள் பேச்சு முதலில் காந்தப்புல மாற்றமாகத்தான் உண்டாகிறது, அப்புறம்தான் ஒலியாக வெளியே வரும். டெலிகாயில் அந்தக் காந்தப்புலத்தையே நேரடியாகப் பிடித்துக்கொள்கிறது. இடையில் காற்று இல்லை, அதனால் விசிலும் இல்லை, மிக்சி சத்தமும் குறுக்கே வராது. தெருக்குழாயில் பிடித்துக் குடத்தில் சுமந்து வருவதற்குப் பதில் பைப்பையே வீட்டுக்குள் இழுத்துக்கொண்ட மாதிரி. மெஷினில் 'டி' என்று ஒரு நிலை இருந்தால் அது இதற்குத்தான். வருடக்கணக்கில் மெஷின் போட்டிருந்தும் அந்த நிலை எதற்கென்று தெரியாதவர்களை நான் பார்த்திருக்கிறேன், வாங்கும்போது யாரும் சொல்லவில்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. பழைய 2ஜி போனை ரேடியோ பக்கத்தில் வைத்திருந்தால், அழைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னால் 'டிர்ர்ர், டிட்-டிட்-டிட்' என்று இரைச்சல் வருமே, நினைவிருக்கிறதா? போனின் ரேடியோ அலை துடிப்புத் துடிப்பாகப் போவதால் வரும் இரைச்சல் அது. காது மெஷினுக்குள்ளும் அதே இரைச்சல் புகுந்து பேச்சை மூடிவிடும். போன் காது மெஷினோடு ஒத்துப்போக வேண்டும் என்று அமெரிக்காவில் 1988-இலேயே சட்டம் போட்டார்கள். செல்போன்களுக்கு எம், டி என்ற இரண்டு எழுத்துகளில் தரக்குறியீடும் பின்னால் வந்தது. எம் என்பது இரைச்சல் புகாத அளவு, டி என்பது டெலிகாயிலோடு ஒத்துப்போகும் அளவு. பக்கத்தில் 3 அல்லது 4 என்று இருந்தால் நல்லது என்று பார்த்து வாங்கினார்கள். இப்போது வரும் பல மெஷின்கள் ப்ளூடூத் வழியாகவே போனோடு இணைகின்றன, பேச்சு நேராக மெஷினுக்குள் வந்துவிடும்.

சுருக்கமாகச் சொன்னால்: காது மந்தத்துக்கு சத்தத்தைக் கூட்டுவது பாதித் தீர்வுகூட இல்லை. பரிசோதனை முதலில், மெஷின் அடுத்தது, அந்த மெஷினோடு ஒத்துப்போகும் போன் கடைசியாக. பெரியப்பா வீட்டில் இது தலைகீழாக நடந்தது.

கேட்கவே கேட்காதவருக்கு எதற்கு போன்?

இதில் ஒரு வரலாற்று வேதனை இருக்கிறது. 1876-இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல், பாஸ்டனில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர். அவர் அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது, மனைவி மேபல் சிறு வயதிலேயே கேட்கும் திறனை இழந்தவர். அப்படிப்பட்டவர் கையிலிருந்து வந்த கருவி, காது கேளாதவர்களை ஏறக்குறைய தொண்ணூறு வருடம் வெளியே நிறுத்தியது. ஊரில் எல்லாரும் போனில் டாக்டரைக் கூப்பிட்டார்கள், இவர்கள் மட்டும் நடந்தே போனார்கள்.

அந்தக் கதவைத் திறந்தவர் ராபர்ட் வைட்பிரெக்ட். அமெரிக்க இயற்பியலாளர், அவருக்கே காது கேட்காது. தந்தி அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருந்த டெலிபிரிண்டர் என்ற தட்டச்சு இயந்திரத்தை 1964-இல் சாதாரணத் தொலைபேசி வழியாக வேலை செய்ய வைத்தார். போன் ரிசீவரை எடுத்து இரண்டு ரப்பர் கிண்ணங்களின் மேல் கவிழ்க்க வேண்டும். ஓர் எழுத்தைத் தட்டினால் அது இரண்டே இரண்டு சுருதிகளின் மாறிமாறி வரும் வரிசையாகிப் போன் கம்பியில் போகும், மறுமுனையில் இருக்கும் இயந்திரம் அந்த இசையைக் கேட்டு அதே எழுத்தைக் காகிதத்தில் அடித்துவிடும். மனிதக் காதுக்குப் பதில் இயந்திரக் காது, அவ்வளவுதான். இதற்கு டிடிஒய் என்று பெயர் நிலைத்தது. இருவரும் ஒரே நேரத்தில் தட்டினால் குழம்பும் என்பதால், நான் முடித்துவிட்டேன், நீங்கள் தட்டலாம் என்பதற்கு 'ஜிஏ' என்று இரண்டெழுத்து அடிப்பது வழக்கம்.

ஆனால் இரண்டு பக்கமும் இயந்திரம் இருந்தால்தானே இது நடக்கும்? டாக்டர் வீட்டில் இருக்காதே. அதற்கு வந்ததுதான் ரிலே சேவை. நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். காது கேளாதவர் தட்டுவதை அவர் மறுமுனைக்கு வாயால் படித்துச் சொல்வார், மறுமுனை பேசுவதைத் தட்டி அனுப்புவார். 1990-இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் இதைத் தொலைபேசி நிறுவனங்களின் கடமை ஆக்கியது, 1993 முதல் நாடு முழுக்க நடந்தது. 711 என்று அழுத்தினால் போதும். பிறகு தட்டச்சுக்குப் பதிலாக வீடியோவில் சைகை மொழி பெயர்ப்பாளரே நடுவில் வந்தார்.

நம் ஊரில் அந்த டிடிஒய் காலம் வராமலே போய்விட்டது. எஸ்எம்எஸ், அப்புறம் வீடியோ கால், நேராக அங்கே போய்விட்டோம். பஸ்ஸில் இரண்டு இளைஞர்கள் போனை முன்சீட்டின் முதுகில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் சைகை மொழியில் யாரோடோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். காது கேளாதவருக்கு எதற்குப் போன் என்று கேட்பவர்களுக்கு அந்தக் காட்சிதான் பதில்.

சிக்கல், கேட்கும் உலகம் அவர்களைக் கூப்பிடும்போதுதான். கூரியர்காரர் குரலில்தான் அழைப்பார், வங்கி குரலில்தான் சரிபார்க்கும். எடுக்கவில்லை என்றால் பார்சல் திரும்பிப் போய்விடும். இதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் ஒரு வழி: இரண்டு போன். அழைப்பு வந்த போனை ஸ்பீக்கரில் போடுங்கள். பக்கத்தில் இன்னொரு போனில் லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற இலவசச் செயலியைத் தமிழில் திறந்து வையுங்கள். 2019-இல் கூகுள் வெளியிட்டது, கேட்கும் பேச்சை அப்போதைக்கப்போதே எழுத்தாக்கித் திரையில் ஓட்டும். நெல்லைத் தமிழை வேகமாகப் பேசினால் தடுமாறும், பெயர்களைக் கொலை செய்யும், ஆனால் 'கேட் முன்னாடி நிக்கிறேன்' என்பது புரிந்துவிடும்.

எழுதப் படிக்கத் தெரியாத காது கேளாதவருக்கு இது எதுவும் உதவாது, வீடியோதான் வழி. பிறவியிலேயே கேளாத பலருக்குச் சைகை மொழிதான் தாய்மொழி, தமிழ் எழுத்து அவர்களுக்கு இரண்டாம் மொழி. "எழுதிக் காட்டினாப் போதுமே" என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

திரையைப் படிக்கும் குரல்

பார்வையில்லாதவர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கும் அதே போன்தான். அதற்குள் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் ஏற்கெனவே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். இரண்டுமே 2009 வாக்கில் வந்தவை. அதற்கு முன்னால் பட்டனே இல்லாத வழவழப்பான கண்ணாடிப் பலகை வருகிறது என்றதும், பார்வையற்றவர்களுக்குப் போன் காலம் முடிந்துவிட்டது என்றுதான் பலரும் பயந்தார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? திரைவாசிப்பான் திரையைப் 'பார்ப்பது' இல்லை. ஒவ்வொரு செயலியும் திரையில் படம் வரையும்போதே, இந்த இடத்தில் ஒரு பட்டன், அதன் பெயர் 'அனுப்பு' என்று ஒரு பட்டியலையும் உள்ளுக்குள் வைத்திருக்கும். திரைவாசிப்பான் அந்தப் பட்டியலைத்தான் படிக்கிறது. விரலை ஓரிடத்தில் வைத்தால் அங்கே இருப்பதன் பெயரைச் சொல்லும், திறக்காது. திறக்க வேண்டும் என்றால் இரண்டு முறை தட்ட வேண்டும். வலது பக்கம் தள்ளினால் அடுத்தது, இடது பக்கம் தள்ளினால் முந்தையது. இருட்டில் படியேறும்போது காலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுத்தானே ஊன்றுவோம், அதே முறை.

இது தெரியாமல் யாராவது தற்செயலாக ஆன் செய்துவிட்டால், ஒரு தட்டில் எதுவும் திறக்காமல், போன் தானே பேசிக்கொண்டு, 'ஹேங் ஆயிடுச்சு' என்று சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோவார்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்து மூன்று நொடி அழுத்தினால் இதை ஆன் செய்யவும் நிறுத்தவும் முடியும்.

பட்டியலில் பெயர் இல்லை என்றால்? செயலி செய்தவர் அழகான ஒரு சின்னத்தைப் போட்டுவிட்டுப் பெயர் கொடுக்க மறந்தால், திரைவாசிப்பான் 'பெயரிடப்படாத பட்டன்' என்று மட்டும் சொல்லும். ஒரு பணச் செயலியில் அப்படி நாலு பட்டன் வரிசையாக இருந்தால் எதை அழுத்துவது, பணம் எங்கே போகும்? கோளாறு போனிலும் இல்லை, பயன்படுத்துபவரிடமும் இல்லை, பலகையில் எழுதாமல் பஸ்ஸை விட்டவரிடம் இருக்கிறது. இணையவழி வங்கிக் கணக்குச் சரிபார்ப்பில் "கண்ணைச் சிமிட்டுங்கள்" என்று கேட்பதும் இந்த வகைதான். பார்வையற்றவர்களும் அமிலவீச்சில் கண் பாதிக்கப்பட்டவர்களும் தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, அந்தச் சரிபார்ப்பை எல்லாரும் செய்யக்கூடிய விதத்தில் மாற்ற உத்தரவிட்டது.

தமிழுக்கென்று தனியாக ஒரு தலைவலி உண்டு. பழைய எழுத்துரு ஒன்றில் அடித்த சுற்றறிக்கையைக் கண்ணால் பார்த்தால் 'அம்மா' என்று இருக்கும். பாமினி எழுத்துருவில் அதன் அடியில் உண்மையில் இருப்பது ஆங்கில விசைகள், எனவே திரைவாசிப்பான் 'எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச்' என்று வாசிக்கும். யூனிகோடு என்பது ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண் கொடுக்கும் முறை, அதில் அடித்தால் மட்டுமே 'அம்மா' அம்மாவாகக் கேட்கும். 2010-இல் தமிழக அரசே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆனாலும் பழைய எழுத்துருக் கோப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. நாம் அனுப்பும் செய்திகளும் அப்படித்தான். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்பினால் குரல் அதை இங்கிலீஷாக நினைத்து நசுக்கிப் படிக்கும். பூப்போட்ட 'காலை வணக்கம்' படம் அனுப்பினால் 'படம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். தமிழை தமிழ் எழுத்தில் அடியுங்கள், படம் அனுப்பினால் கீழே ஒரு வரி எழுதுங்கள். ஒரு பைசா செலவில்லாமல் நீங்கள் செய்யக்கூடிய உதவி இது.

கண்ணும் காதும் இரண்டுமே இல்லாதவருக்கு? அவருக்குத் தொடு உணர்வுதான் பாதை. பிரெயில் காட்சிப்பட்டை என்ற கருவியில் சின்னஞ்சிறு ஊசிப்புள்ளிகள் எழுந்தும் அமிழ்ந்தும் போன் திரையில் இருப்பதை விரலுக்குச் சொல்லும், ப்ளூடூத்தில் இணையும். விலைதான் மிக அதிகம்.

இதுவரை பார்த்தது: திரைவாசிப்பான் ஏறக்குறைய எல்லா ஸ்மார்ட்போனிலும் இருக்கிறது, தனியாக வாங்க வேண்டியதில்லை. அது படிப்பது செயலி கொடுக்கும் பெயர்களையும் நாம் அடிக்கும் எழுத்துகளையும். அவை சரியாக இருந்தால்தான் குரலும் சரியாக வரும்.

விரல் ஒத்துழைக்காதபோது

மெஸ்ஸில் பரிமாறுபவர் "சாம்பாரா? ரசமா? மோரா?" என்று வரிசையாகக் கேட்கிறார். வாய் நிறையச் சாப்பாடு, நாம் வேண்டியது வரும்போது தலையை மட்டும் ஆட்டுகிறோம். ஸ்விட்ச் அணுகல் என்ற வசதி அதைத்தான் செய்கிறது. திரையில் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கட்டம் வரிசையாக நகர்ந்துகொண்டே போகும், வேண்டியதன் மேல் வரும்போது ஒரே ஒரு பட்டனை அழுத்தினால் போதும். அந்தப் பட்டன் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கலாம், முழங்கையால் தட்டலாம், போனின் வால்யூம் பட்டனையே அதற்காக ஒதுக்கிவிடலாம். ஸ்டீபன் ஹாக்கிங் தன் கடைசிக் காலங்களில் கன்னத்துத் தசை ஒன்றின் அசைவை மட்டும் வைத்துக் கணினியை இயக்கியது இதே வழியில்தான். மெதுவான வழி, ஆனால் தன் கையாலேயே அனுப்பிய செய்தி.

கை நடுக்கம் மட்டும் உள்ளவருக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தொட்டு எவ்வளவு நேரம் இருந்தால் கணக்கில் எடுக்க வேண்டும் என்று செட்டிங்ஸில் கூட்டி வைத்தாலே தப்புத் தப்பாகத் திறப்பது பாதி குறைந்துவிடும்.

எங்கே, எப்படி வாங்குவது

முதலில் அடையாள அட்டை. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையோ, இப்போது நாடு முழுவதற்கும் ஒரே எண்ணாகத் தரப்படும் யூடிஐடி என்ற தனித்துவ அடையாள அட்டையோ இல்லாமல் எந்தத் திட்டத்தின் பக்கமும் போக முடியாது. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது, முன்பு இருந்தது 7 மட்டும்தான். "எனக்கெல்லாம் தர மாட்டாங்க" என்று பழைய நினைப்பில் இருப்பவர்கள் இன்னொரு முறை விசாரிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் செவித்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கும் தக்க செயலிகளோடு கூடிய திறன்பேசி வழங்குகிறது. படிப்பவர்கள், வேலையில் இருப்பவர்கள், சுயதொழில் செய்பவர்களை மனதில் வைத்த திட்டம். காதொலிக் கருவியும் அதே துறையில் கிடைக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால், நேரில் போய் இந்த வருடம் யாருக்கு, என்னென்ன சான்று என்று கேட்டுவிடுவது நல்லது. அட்டை நகல், ஆதார் நகல், புகைப்படம், படிப்பு அல்லது வேலைக்கான சான்று, இவற்றை ஒரு கவரில் எப்போதும் தயாராக வைத்திருங்கள். அலைச்சல் பாதியாகும்.

வேறொரு முறையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், எல்லாருடைய போன் பில்லிலும் ஒரு சிறு தொகை சேர்கிறது, அந்தப் பணத்திலிருந்து தேவைப்படுபவர்களுக்குப் பொருத்தமான தொலைபேசி கட்டணமில்லாமல் போகிறது. டாக்டரோ கேள்திறன் நிபுணரோ கையெழுத்துப் போட்டால் போதும். அங்கே ஒரே மாடல் போனை எல்லாருக்கும் கொடுப்பதில்லை. சத்தம் கூட்டுவது, ஒளியடித்து மணி காட்டுவது, படத்தைத் தொட்டால் அழைப்பது, பேச்சை எழுத்தாக்குவது என்று எது பொருந்துமோ அது. நம் திட்டங்களில் எனக்குக் குறையாகத் தெரிவது இந்தப் பொருத்திப் பார்க்கும் வேலைதான்.

கையில் வந்த பிறகு

ஒரு கல்லூரி மாணவி, முழுப் பார்வையிழப்பு. அரசுத் திட்ட விழாவில் போன் வாங்கியிருந்தாள். மூன்று மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போனபோது போன் அவள் தம்பியிடம் இருந்தது, விளையாடிக்கொண்டிருந்தான். "அக்காவுக்கு அதுல ஒண்ணும் வரலைங்க" என்றார் அவள் அம்மா. வராதுதான், யாரும் சொல்லித்தரவில்லை. டாக்பேக் பேசுவது ஆங்கிலத்தில், வேகம் அதிகம், விரல் அசைவுகள் என்னவென்றே தெரியாது.

முதல் நாள் குரலைத் தமிழுக்கு மாற்றி, வேகத்தைக் குறைத்தோம். ஒரே ஒரு வேலை மட்டும் சொல்லிக்கொடுத்தேன், வரும் அழைப்பை எடுப்பது. இரண்டு விரலால் திரையில் எங்கு வேண்டுமானாலும் இரண்டு முறை தட்டினால் போதும். என் போனிலிருந்து அழைத்தேன், தவறவிட்டாள், மறுபடி அழைத்தேன். எட்டாவது தடவையோ ஒன்பதாவதோ, "ஹலோ" என்றாள், இரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு. இருவரும் சிரித்துவிட்டோம்.

சொல்லிக்கொடுப்பவர்களுக்கு அனுபவத்தில் சொல்கிறேன். போனை அவர் கையிலிருந்து வாங்காதீர்கள். "இங்க கொடு, நான் செஞ்சு தர்றேன்" என்ற வார்த்தை வாயில் வரும், விழுங்கிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வேலை. அழைப்பை எடுப்பது, வைப்பது, ஒருவரைக் கூப்பிடுவது, இந்த மூன்றும் பழகிய பிறகுதான் வாட்ஸ்அப். செட்டிங்ஸைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஓடிபி வரும்போது போன் அந்த எண்ணைக் கத்திப் படிக்காமல் இருக்க ஒரு இயர்போன் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். முடிந்தால் ஏற்கெனவே இதைப் பயன்படுத்தும் இன்னொரு பார்வையற்றவரிடம் அறிமுகப்படுத்திவிடுங்கள், அவர் ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுப்பதை நாம் ஒரு வாரத்தில் சொல்ல முடியாது. எங்கள் ஊதுபத்தி அண்ணனிடம்தான் அந்தப் பெண்ணை அனுப்பினேன். இப்போது அவளுடைய டாக்பேக் பேசும் வேகம் எனக்குப் புரிவதில்லை, ஒரே சரசரப்பாகக் கேட்கிறது. அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிகிறது.

பெரியப்பாவுக்குக் கேள்திறன் பரிசோதனை செய்து, போன மாதம் மெஷின் வந்தது. ப்ளூடூத்தில் போனோடு இணைத்துவிட்டு, நான் வாசலுக்குப் போய் அங்கிருந்து அழைத்தேன். எடுத்தார். எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். "பெரியப்பா, காசு அனுப்பவா, காது எப்படி இருக்கு?" என்றேன். உள்ளேயிருந்து பெரியம்மா வழக்கம்போலப் போனை வாங்கக் கையை நீட்டியிருக்கிறாள். "இருடி, எனக்குத்தான் வந்திருக்கு" என்று அவர் சொன்னது போனில் கேட்டது.